140 பேர் குழுவில், வந்தது நான்கு பேர்

கேள்வி: தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் எண்பது வீடுகளுக்கு மேல் இருக்கும். கடைசியில் ஒரு லைன் வீடும் உண்டு. இரண்டு வருடம் முன்பு தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். இன்று 140 பேர் இருக்கிறார்கள். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, ஃபார்வர்டு, தேர்தல் வந்தால் கட்சிச் சண்டை. மழை பெய்தால் தெருமுனையில் கழிவுநீர் முழங்கால் வரை நிற்கிறது. அதைப் பற்றி எழுதினால் நாற்பது கட்டைவிரல் வருகிறது, ஆள் வருவதில்லை. போன முறை பகுதி சபைக்கு, அதாவது வார்டில் எங்கள் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, எல்லோரையும் குழுவில் அழைத்தேன். என்னோடு சேர்த்து நான்கு பேர். அடுத்த வாரம் இரண்டு நாள் குடிநீர் வராது என்று குழுவில் போட்டேன். கடைசி வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. அவருக்குத் தெரியவே இல்லை, ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அட்மினாக இருந்தால் வழக்கு வரும் என்று கணவர் வேறு பயப்படுகிறார். விலகிவிடலாமா?

பதில் (ஓய்வு பெற்ற மாநகராட்சிப் பொறியாளர்):

அன்புள்ள சகோதரிக்கு,

விலக வேண்டாம். நான்கு பேர் தானே என்று நீங்கள் சோர்ந்து போயிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே தெருவிலிருந்து நான்கு பேர் ஒன்றாக, ஒரே விஷயத்தோடு வந்து நின்றால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். நூறு பேர் கோபமாக இருக்கிறார்கள் என்று காதில் விழும்போதுகூட அப்படி உட்கார்ந்ததில்லை. அந்தக் கோபம் எங்கள் மேசைக்கு வந்ததே கிடையாது.

உங்கள் குழுவில் உள்ள சிக்கலும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. உள்ளே பேச்சு இருக்கிறது. அது வெளியே போகவில்லை. வெளியே நடப்பது உள்ளே திரும்பி வரவும் இல்லை. கழிவுநீர் பற்றி நாற்பது பேர் கட்டைவிரல் காட்டியதும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி நாற்பது பேருக்கும் வந்துவிடுகிறது. மாநகராட்சியின் பதிவேட்டிலோ அந்தத் தெருமுனை பற்றி ஒரு வரிகூட ஏறியிருக்காது.

ஒரு குறை அலுவலகத்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் புரியும். தெருவிளக்கை எடுத்துக்கொள்வோம். "எங்க தெருவுல லைட் எரியல சார்" என்று ஒருவர் கூப்பிடுவார். ஒரே மண்டலத்தில் காந்தி தெரு மூன்று இருக்கும். எந்தத் தெரு, எந்தக் கம்பம் என்று கேட்டால் "பால் பூத்துக்கு எதிர்ல" என்பார். இன்னொருவர் இரவில் எரியாத விளக்கைப் படம் பிடித்து அனுப்புவார். திரை முழுக்க இருட்டாக இருக்கும், எனக்கு என்ன தெரியும்? ஆனால் கம்பத்தில் பெயின்ட்டில் ஓர் எண் எழுதியிருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அந்த எண்ணைச் சொல்லிப் புகார் வந்தால் அன்று மாலையே விளக்குப் பணியாளரின் சீட்டில் அது ஏறிவிடும். எண் இல்லாத புகாருக்காக அவர் ஏணியோடு தெருத் தெருவாகத் தேடி அலைய வேண்டும். அலைந்து கிடைக்காவிட்டால் "சரிசெய்யப்பட்டது" என்று முடித்து வைத்த காலமும் உண்டு. அது தவறு, நான் மறுக்கவில்லை. அந்தத் தவறுக்கு இடம் கொடுக்காத புகார் எப்படி இருக்கும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு வார்டில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா இருந்தார். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தன் தெருவின் கம்ப எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக எதிரே உள்ள வீட்டு எண்ணையும் குறித்து வைத்திருந்தார். விளக்கு போனால் எதிர்வீட்டுக்காரர் அவரிடம் சொல்வார், அவர் புகார் எண் வாங்கி நோட்டில் தேதியோடு எழுதுவார். விளக்கு எரிந்ததும் அந்தத் தேதியையும் எழுதுவார். ஒருமுறை அந்த நோட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்து, "சார், இந்த ஒரு கம்பம் மட்டும் ஏழு மாசத்துல அஞ்சு தடவ போயிருக்கு, பல்பு மாத்தி மாத்தி என்ன பிரயோஜனம், கேபிள்ல ஏதோ இருக்கு பாருங்க" என்றார். தோண்டிப் பார்த்தோம். கேபிளில்தான் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் அந்த ஐந்து புகாரையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கவில்லை.

அந்த நோட்டைத்தான் உங்கள் குழுவுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். யாராவது ஒரு குறையை எழுதினால் உங்கள் பதில் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: "புகார் எண் என்ன?" இல்லையென்றால், "இன்று யார் பதிவு செய்கிறீர்கள்?" ஒருவர் பெயர் வரும்வரை கேளுங்கள். எண் வந்ததும் குழுவில் போடச் சொல்லுங்கள். வேலை நடந்தால் அதையும் போடச் சொல்லுங்கள், படத்தோடு. மக்கள் நம்பிக்கை இழப்பதற்கு வேலை நடக்காதது மட்டும் காரணமில்லை, நடந்த வேலை தெரியாமல் போவதும் ஒரு காரணம். சென்னை மாநகராட்சிக்கு 1913 மாதிரி உங்கள் மாநகராட்சிக்கும் புகாருக்கான தொலைபேசி எண் உண்டு. மின்சாரத்துக்கு மின்னகம், 94987 94987. எதிலும் பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மையம், 1100. இந்த எண்கள் குழுவின் விவரப் பகுதியில் நிரந்தரமாக இருக்கட்டும்.

இனி உங்கள் தெருமுனைக் கழிவுநீர். நேரில் பார்க்காமல் காரணம் சொல்ல முடியாது. ஆனால் புறநகரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும், சில சமயம் இரண்டும் சேர்ந்து. வடிகாலில் வண்டல் அடைத்திருக்கும், அல்லது வீட்டுக் கழிவுநீரை யாரோ மழைநீர் வடிகாலில் இணைத்திருப்பார்கள். மழையே இல்லாத நாளில் வடிகால் மூடியின் துளை வழியே பாருங்கள். உள்ளே கறுப்பாக நீர் ஓடிக்கொண்டிருந்தால் அது மழைநீர் கிடையாது. அதைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். குழுவில் மட்டும் ஒன்று செய்யாதீர்கள்: இன்ன வீட்டுக்காரர் இணைத்திருக்கிறார் என்று பெயர் போட்டு எழுதாதீர்கள். அந்த வீட்டுக்குப் பாதாள சாக்கடை இணைப்பே கிடைக்காமல் இருக்கலாம், பணம் கட்டிக் காத்திருக்கலாம். பெயர் வெளியே வந்த நிமிடத்தில் வடிகால் விவகாரம் இரண்டு குடும்பத்துச் சண்டையாகிவிடும். அப்புறம் பத்து வருடம் ஆனாலும் சரியாகாது.

வண்டலைப் பொறுத்தவரை, கேட்கும் மாதம்தான் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நவம்பரில் தண்ணீர் நிற்கும்போது கேட்டால் மோட்டார் வைத்து இறைப்போம், வேறு வழியில்லை. ஜூலையில், ஆகஸ்டில் கேட்க வேண்டும். எங்கள் தெருவில் தூர்வாருவது எந்தத் தேதி, எத்தனை மீட்டர், வண்டல் வடிகட்டித் தொட்டிகள் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். தூர்வாரிய அன்று ஒருவர் போய் நில்லுங்கள். வாரிய சகதியை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் அது மறுபடி உள்ளே போய்விடும், செலவழித்த பணமும் கூடவே போய்விடும். குவியல் எடுக்கப்படும்வரை விடாதீர்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று அதில் கேட்காதீர்கள், அதற்கு யாரும் பதில் எழுத மாட்டார்கள். வேலை ஆணையின் நகல், செய்த வேலையை அளந்து குறிக்கும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

பகுதி சபைக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை. கிடைப்பதற்குப் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட உரிமை. 73-வது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நகரத்துக்கான 74-வது திருத்தம் அதே வருடம் ஜூனில் வந்தது, ஆனால் அதில் கிராம சபை போல வாக்காளர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசும் சபை இல்லை. பெரிய நகரங்களுக்கு வார்டு குழு என்று சொன்னதோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2010-லேயே சட்டத்தில் இடம் வந்தது. விதிகள் வந்ததோ 2022-ல். பன்னிரண்டு வருடம்! அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று சபைகள் முதன்முதலாகக் கூடின. முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் உங்கள் மாநகராட்சியிலேயே, பம்மலில் நடந்தது. என் வேலைக்காலம் முழுக்க நகரத்து ஆள் ஒருவர் உரிமையோடு உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் இடம் கிடையாது. கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அல்லது என் மேசை முன்னால். அதனால்தான் அந்தச் சபையில் நான்கு நாற்காலி மட்டும் நிரம்பியது என்று படித்ததும் எனக்கும் வருத்தமாக இருந்தது.

ஏன் வரவில்லை? "நாளை பகுதி சபை, அனைவரும் தவறாமல் வரவும்" என்று போட்டிருப்பீர்கள். நானும் அப்படிப் போட்டிருப்பேன். அனைவரும் என்று சொன்னால் ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்றவர்களை நினைத்துக்கொள்வார்கள். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் ஒரு மாதிரி, வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் வேறு மாதிரி இல்லையா? பத்து வீட்டுக்கு ஒருவர் என்று எட்டுப் பேரைப் பிடியுங்கள். அவரவர் பத்து வீட்டில் நேரில் சொல்லட்டும். சொல்லும்போது ஒரு வேலையும் கொடுங்கள்: "நீங்க தண்ணி லாரி விஷயம் மட்டும் பேசுங்க அக்கா, மத்தத நாங்க பாத்துக்கறோம்." பேச ஒரு விஷயம் கையில் இருப்பவர் வருவார். கூட்டத்துக்குத் தனித்தனியாகப் போகாதீர்கள், தெருமுனையில் சேர்ந்து நடந்து போங்கள். வராதவர்களும் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

சபையில் பேசுவதை விட முக்கியம், பேசியது எழுதப்படுகிறதா என்பது. கோரிக்கையை இரண்டு பிரதியாக எழுதிக் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டம் முடியும் முன் நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் விஷயம் ஏறியிருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. அந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். அடுத்த சபையில் அந்தப் படத்திலிருந்தே ஆரம்பியுங்கள். கவுன்சிலர் எந்தக் கட்சி என்பதைப் பார்க்காதீர்கள். நல்லது நடந்தால் அவர் பெயரைச் சொல்லி நன்றி எழுதுங்கள். சண்டை போடுவதற்கு மட்டும் நினைவுக்கு வரும் தெருவை எந்தக் கவுன்சிலருக்கும் பிடிக்காது.

பகுதி சபையில் அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோருக்கும் இடம் உண்டு, சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமில்லை. உங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாக்கு இன்னும் பழைய முகவரியிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். முகவரி மாற்றப் படிவம் 8 போதும். குழுவில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தெரு முழுவதற்கும் விண்ணப்பித்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் குழுவில் நான் முதலில் பார்க்க விரும்பும் மாற்றமே இதுதான். லைன் வீட்டில் இருப்பவர்கள் அந்த 140 பேரில் எத்தனை பேர்? கடிதத்தில் அவர்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், ஆனால் குழுவில் இருப்பதாகச் சொல்லவில்லை. தண்ணீர் நிற்கும்போது முதலில் நனைவது அவர்கள் வாசலாகத்தான் இருக்கும். குடியிருப்போர் சங்கம் என்ற பெயரில் வீட்டுச் சொந்தக்காரர் சங்கமாக நடப்பவை எத்தனையோ பார்த்திருக்கிறேன். சில இடங்களில் சொல்லாமலே சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் குழு அப்படி ஆகிவிடக் கூடாது.

ஃபார்வர்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், லேசான விஷயமாக அதை நினைக்காதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தைப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து ஊரார் அடித்தார்கள். வயதான ஓர் அம்மா இறந்துபோனார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு முன் வாரக்கணக்காக அந்தப் பக்கத்துக் கைபேசிகளில் பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு என்று குறைத்தது. ஆகவே கண்டிப்பாகவே இருங்கள்: இந்தத் தெருவில் தானே பார்த்ததை மட்டும்தான் குழுவில் எழுதலாம், வந்ததை அனுப்பக் கூடாது. கட்சி, சாதி, மதம் இந்தக் குழுவில் இல்லை. அரட்டைக்கு வேண்டுமானால் தனிக் குழு இருக்கட்டும், தவறில்லை. அறிவிப்புக்கும் தனியாக ஒரு குழு வைத்து, அதில் அட்மின் மட்டும் எழுதுவது போல அமைத்துவிடுங்கள். யாராவது மீறினால் குழுவில் கண்டிக்க வேண்டாம், போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். குரல் கேட்டால் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

ஆட்களின் படமும் வேண்டாம். ஒரு தெருக் குழுவில் மர நிழலில் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர் ஒருவரைப் படம் பிடித்து, "நம் வரிப்பணம் இப்படித்தான் போகிறது" என்று போட்டார்கள். எத்தனையோ பேர் அதற்குக் கைதட்டினார்கள். அந்தப் பெண் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்தவர். மூன்று தெரு முடித்துவிட்டு பதினோரு மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார். படம் சுற்றிச் சுற்றி அவர் மகனின் போனுக்கே வந்தது. மறுநாள் அவர் என்னிடம் வந்து, வேறு தெருவுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார், அழவில்லை. அந்தத் தெருக்காரர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் பெயரை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவரின் பயத்துக்குப் பதில்: உறுப்பினர் ஒருவர் தப்பாக எதையாவது போட்டால், அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதற்கு முந்தைய வருடம் இதே போக்கில்தான் சொன்னது. நீங்களே அதைப் போட்டாலோ, பரப்பினாலோ கதை வேறு. இருந்தாலும் அட்மின் பொறுப்பு ஒருவர் தலையில் இருப்பது நல்லதில்லை. மூன்று பேர் ஆக்குங்கள், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதில் ஒருவர் கட்டாயம் வாடகைக்கு இருப்பவராக இருக்கட்டும்.

சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று பிறகு யாராவது கேட்பார்கள். 7 பேர் இருந்தால் 1975-ம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செய்யலாம். பணம் கையாள வேண்டி வரும்வரை அவசரமில்லை. மக்கள் ஒரு பங்கு போட்டு அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டம் மாதிரி எதிலாவது இறங்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி வீட்டு அம்மா உங்கள் மனதை உறுத்துகிறார் என்றீர்கள். உறுத்தட்டும், அது நல்லதுதான். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் வந்தபோது மின்சாரம் போய், கைபேசிக் கோபுரங்களும் பல இடங்களில் அடங்கிவிட்டன. படகில் வந்தவர்கள் கேட்டது ஒன்றுதான், "எந்த வீட்டுல வயசானவங்க இருக்காங்க?" அதற்குப் பதில் தெரிந்தவர் இருந்த தெருவில் படகு நேராக அந்த வீட்டுக்குப் போனது. அந்த நேரத்தில் எந்தக் குழுவும் வேலை செய்யாது. எங்கள் சிறுவயதில் குழாயடி இருந்தது. சண்டை நடக்கும், குடம் உருளும், ஆனால் யார் இரண்டு நாளாகத் தண்ணீர் பிடிக்க வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது நல்லதுதான், பெண்களின் முதுகு பிழைத்தது. அந்தத் தெரிதலை மட்டும் வேறு வழியில் நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஆகையால் வரும் ஞாயிறு காலை, அன்றைக்கு வந்த அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஒரு நோட்டோடு கிளம்புங்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கேள்வி போதும்: எத்தனை பேர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், தனியாக இருப்பவரோ படுக்கையில் இருப்பவரோ உண்டா, ஸ்மார்ட்போன் இல்லாதவர் யார். இந்த விவரம் குழுவில் ஏறக் கூடாது, நோட்டிலேயே இருக்கட்டும், உங்கள் எட்டுப் பேரிடம் மட்டும் ஒரு நகல். ஸ்மார்ட்போன் இல்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டில் ஒருவர் பெயரை எதிரில் எழுதுங்கள், குழுவில் வரும் சேதியை வாசலில் போய்ச் சொல்ல. போகிற வழியில் கம்ப எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நடையைக் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த அம்மாவுக்கு அந்தத் தெருவைப் பற்றி உங்கள் 140 பேருக்கும் தெரியாதது நிறையத் தெரிந்திருக்கும். வடிகால் கட்டுவதற்கு முன்னால் அந்த முனையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொறியாளரிடம் போகும்போது அது உதவும்.